விதிநூல் வாய் திறக்காத இடம்

ஒருவரையொருவர் பார்த்தே இராத மூன்று கூட்டங்கள், மூன்று தேசங்களில் உட்கார்ந்து, ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு, எப்படி ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர். பாப்பாவுக்கு மாவுப்பால் எப்படிக் கலக்க வேண்டும் என்று டின்னின் பின்பக்கத்தில் நான்கு மொழிகளில் அச்சடித்திருக்கிறது. நாங்கள் மூவரும் மூன்று விதமாகத்தான் கலக்குகிறோம்.

நான் சொல்ல வந்தது கம்பைலர்களைப் பற்றி. அந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாங்கள் எழுதும் நிரல் மனிதர்கள் படிக்கக்கூடிய எழுத்தில் இருக்கும். இயந்திரத்துக்கு அது புரியாது. நடுவில் ஒரு மென்பொருள் அதை வாங்கி, இயந்திரத்துக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தரும். அதுதான் கம்பைலர். நான் எழுதுவது சி மொழி. அதற்குப் பல கம்பைலர்கள் உண்டு. சிலவற்றை நிறுவனங்கள் செய்து விற்கின்றன, சிலவற்றைச் சம்பளம் வாங்காத ஆட்கள் சேர்ந்து செய்து இலவசமாகத் தருகிறார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதிநூல் இருக்கிறது. இப்படி எழுதினால் இதுதான் நடக்க வேண்டும் என்று பல நூறு பக்கங்களுக்குச் சொல்லிக்கொண்டே போகும். கல்லூரியில் அதன் பெயரைக் கேட்டிருக்கிறேன். திறந்து பார்த்ததில்லை. என்னோடு படித்தவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அதை நான் படிக்க நேர்ந்தது அவசரகாலத்தில். நோய்க்காக நாடு முழுக்கப் பிரகடனம் செய்தார்களே, அந்த அவசரகாலம். மாவட்ட எல்லைகளில் சாலைத்தடுப்பு போட்டிருந்தார்கள். என் அலுவலகம் கிள்ளான் பக்கம், எங்கள் வீடு கோலா சிலாங்கூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மலிவு வீட்டு வரிசையில். அதனால் வீட்டிலிருந்தே வேலை. பாப்பா அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்தாள். சமையலறை ஜன்னலோரம்தான் லைன் கிடைக்கும் என்பதால், வெங்காயக் கூடைக்கும் அரிசி டின்னுக்கும் நடுவில் என் கணினி.

என் மாமியாருக்கு, நான் அத்தை என்று கூப்பிடுவேன், அவசரகாலம் என்ற சொல்லைக் கேட்டாலே பேச்சு வந்துவிடும்.

"எங்கம்மா காலத்து அவசரகாலத்துல பால்டின்ன கடையிலயே ஓட்ட போட்டுத்தான் குடுப்பாங்களாம், காட்டுல ஒளிஞ்சிருந்த கம்யூனிஸ்டுங்களுக்குப் போயிடக் கூடாதுன்னு. இப்ப என்னடான்னா ஆளுக்கே ஓட்ட போடுறானுங்க," என்றார், தடுப்பூசி போட்டுக்கொண்ட தோளைத் தடவியபடி.

எங்கள் நிறுவனம் சிறியது. தடுப்பூசி வைக்கும் குளிர்ப்பெட்டிகளுக்கு ஓர் அலாரப் பெட்டி செய்கிறது. சோற்றுப் பாத்திரம் அளவுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி குளிர்ப்பெட்டிக்குள் போகும். உள்ளே சூடு ஏறி, குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அப்படியே நின்றால், பெட்டி கத்தும். கெட்டுப்போன மருந்து பார்ப்பதற்கு நல்ல மருந்தைப் போலத்தான் இருக்கும். அதனால் கத்துவது ஒன்றுதான் அதன் வேலை. பல வருடங்களாகக் கிளினிக்குகளில் அது இருக்கிறது, ஒழுங்காகவே கத்தியிருக்கிறது. அதன் நிரலை எழுதியவர் வெளிநாடு போய் வெகுநாள் ஆகிவிட்டது.

அந்த வருடம் உலகம் முழுக்க மின்னணுச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு. பழைய சில்லு கிடைக்கவில்லை. புதிய சில்லை வாங்கினால் பழைய கம்பைலர் அதற்குப் பொருந்தாது, புதிய கம்பைலருக்கு மாற வேண்டும். கிளினிக்குகளோ பெட்டி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தன. அதே பழைய நிரல் புதிய கம்பைலரில் போட்டாலும் அதே மாதிரி நடக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நான் சரி என்று கையெழுத்துப் போட்டால் பெட்டிகள் போகும்.

பழைய சில்லு பொருத்திய பலகை ஒன்றும் புதிய சில்லு பொருத்திய பலகை ஒன்றும் வீட்டுக்கு வந்தன. என் கணினியில் ஓர் இலவசக் கம்பைலரையும் சரிபார்க்க வைத்துக்கொண்டேன். கம்பி காட்டும் சூட்டை அதில் எண்ணாகக் கொடுத்தால் போதும். ஆக மூன்று. பெட்டியின் கம்பியை ஐஸ் போட்ட குவளையில் வைப்பேன், பிறகு அத்தையின் தேநீர்க் குவளைக்கு மாற்றுவேன்.

"என்னாம்மா அது?"

"ஐஸ்பெட்டிக்குள்ள சூடு ஏறுதான்னு பாக்குற பெட்டி அத்த."

"நல்லாருக்கு. காச்சலே இல்லாத புள்ளைக்கு நாள் பூரா தர்மாமீட்டர் வெக்கிற. இப்ப ஐஸ்பெட்டிக்கும் காச்சல் பாக்க ஆரம்பிச்சிட்டியா? கம்பிய எடு, நான் டீ குடிக்கணும்."

முதலில் பெட்டியைத் தொடவில்லை. கம்பைலர் விதிநூலை மதிக்கிறதா என்று சோதிக்கவே ஆயிரக்கணக்கான குட்டி நிரல்கள் உண்டு. ஒவ்வொன்றும் விதிநூலின் ஏதாவது ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கும். மைனஸ் ஏழை இரண்டால் வகுத்தால் மைனஸ் மூன்றா, மைனஸ் நான்கா? முழு எண்ணாகத்தான் சொல்ல வேண்டும். எனக்கே உடனே சொல்லத் தெரியவில்லை. முன்பு இதை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருந்தார்களாம். பிந்தைய பதிப்பில்தான் பூஜ்யத்தின் பக்கமாக வெட்ட வேண்டும், மைனஸ் மூன்றுதான் என்று முடிவு செய்திருக்கிறார்கள். மூன்று கம்பைலர்களும் மைனஸ் மூன்று என்றன.

பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே திரையைப் பார்த்திருந்தேன். பதில்கள் வரிவரியாக இறங்கின. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, மூன்றும் ஒன்று. அடுத்த கேள்வி, மூன்றும் ஒன்று. சுங்கை புரோங்கில் நாற்று நட்ட வயலை வரப்பில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரைக்கும் ஒரே மட்டத்தில் போகுமே, அப்படிப் போயின. இந்த மூன்றையும் செய்தவர்கள் ஒரே நாட்டுக்காரர்கள் இல்லை. ஒருவருக்கு இன்னொருவர் போட்டி. காசுக்குச் செய்பவரும் உண்டு, ஆசைக்குச் செய்பவரும் உண்டு. யாருக்கும் நான் ஒருத்தி இங்கே புள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரியாது. ஆனாலும் நான் எழுதும் ஒரு வரிக்கு என்ன பொருள் என்பதில் அவர்களுக்குள் சண்டை இல்லை. கண் கலங்கிவிட்டது. தூக்கம் போதாத நாட்கள், அதனாலும் இருக்கலாம்.

சில இடங்களில் வேறுபட்டன. அந்த இடங்களை விதிநூலில் தேடினேன். இதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம், ஆனால் என்ன முடிவு என்று எழுதி வைக்க வேண்டும் என்று அங்கே இருந்தது. மூன்று கம்பைலர்களின் கையேடுகளையும் திறந்தேன். எழுதி வைத்திருந்தார்கள். எழுதியபடியே நடந்துகொண்டன. வேறுபடுவதற்கும் ஒரு முறை வைத்து, அதையும் மீறாமல் இருப்பதைப் பார்த்தபோது வியப்பு இன்னும் கூடியது.

பிறகு பெட்டியின் நிரல். ஐஸ் குவளை, தேநீர்க் குவளை. பழைய பலகை கத்தியது. புதியதும் கத்தியது. பாப்பாவும் கத்தினாள். அத்தை மூன்று பேரையும் வெளியே போகச் சொன்னார்.

அந்த அளவில் கையெழுத்துப் போட்டிருக்கலாம். என் குணம் விடவில்லை. கதவைப் பூட்டிவிட்டு வந்து பாதி வழியில் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். பெட்டி ஒரு நாள் ஓடினால் சரி, பல வாரம் நிறுத்தாமல் ஓடினால் என்ன ஆகும் என்று மனதில் வந்துவிட்டது. பெட்டிக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, பூஜ்யத்தில் தொடங்கி எண்ணிக்கொண்டே போகும். எண்ணுக்கு ஓர் எல்லை உண்டு, சில வாரங்களில் அதைத் தொட்டுவிடும். பழைய காரில் கிலோமீட்டர் எண் கடைசி ஒன்பதைத் தாண்டினால் எல்லாம் பூஜ்யமாகுமே, அது போல இங்கே எண் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போகும். நிரலை எழுதியவருக்கு இது தெரிந்திருக்கிறது. ‘கடிகாரம் மைனஸுக்குப் போய்விட்டதா? போனால் பூஜ்யத்திலிருந்து தொடங்கு’ என்று ஒரு வரி வைத்திருந்தார்.

வாரக்கணக்கில் காத்திருக்க முடியாதல்லவா? கடிகாரத்தை எல்லைக்குச் சற்று முன்னால் திருப்பி வைத்து ஓடவிட்டேன். எல்லையைத் தாண்டியதும் கம்பியைத் தேநீருக்கு மாற்றினேன்.

பழைய பலகை கத்தியது. புதிய பலகை பேசாமல் இருந்தது.

தேநீர் ஆறிவிட்டதோ என்று இன்னொன்று போட்டேன். கம்பியைப் பிடுங்கி மாற்றினேன். பலகையை அணைத்துப் போட்டு, கடிகாரத்தை மறுபடி எல்லைக்கு முன்னால் திருப்பி ஓடவிட்டேன். பேசவில்லை. இலவசக் கம்பைலரில் ஓடவிட்டால் அது இன்னும் விசித்திரம். நிதானமாக மொழிபெயர் என்று சொன்னால் கத்தியது, வேகமாக ஓடும்படி மொழிபெயர் என்று சொன்னால் பேசாமல் இருந்தது. ஒரே நிரல், ஒரே கம்பைலர்.

நிரலின் இன்னொரு பகுதியில், கடிகாரம் மைனஸில் இருந்தால் பெட்டி இன்னும் தயாராகவில்லை, ஒலி எழுப்பாதே என்று இருந்தது. மைனஸிலிருந்து எண்ணி எண்ணி மேலே வர இன்னும் சில வாரம் பிடிக்கும். அத்தனை வாரமும் பச்சை விளக்கு எரியும், குளிர்ப்பெட்டி கெட்டாலும் பெட்டி வாய் திறக்காது. அந்த மருந்தைத்தான் யாராவது ஒரு குழந்தையின் தொடையில் குத்துவார்கள். என் குழந்தைக்கும் அந்த மாதம் ஊசி இருந்தது.

எங்கள் குழுவின் தலைவி கிள்ளான்காரர். நான் அக்கா என்பேன். அவரை அழைத்தேன். பின்னால் அவருடைய பிள்ளைகள் இணையப் பாடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னாடி, மூணும் ஒத்துப்போச்சா? ஆமான்னு மட்டும் சொல்லு, இன்னிக்காவது நிம்மதியா சாப்புடுறேன்."

"இல்லக்கா. புதுசுல கடிகாரம் சுத்துனா அலாரம் அடிக்க மாட்டேங்குது."

"நீ ஏன் அத சுத்தவிட்ட?"

"சுத்துமேக்கா, கொஞ்ச வாரத்துல."

அக்கா பிள்ளைகளை மெதுவாக ஒப்பிக்கச் சொன்னார். பிறகு சொன்னார்: "கம்பைலர்ல பிழை லா. பழசு சரியா செய்யுது, புதுசு செய்யல. வேற என்னா இருக்கும்? வித்தவனுக்கு நல்லா காரமா ஒரு மெயில் போடுறேன். காசு, டுயிட் மட்டும் கறாரா வாங்குனானுல்ல."

நானும் அப்படித்தான் நினைத்தேன். நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் நடுவில் வந்தவர் மேல்தான் பழி போடத் தோன்றுகிறது. ஆனால் மெயில் போவதற்கு முன் கம்பைலர் மாற்றித் தந்த கட்டளைகளைத் திறந்து பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். பாப்பா மதியம் தூங்கும் நேரம். கடிகாரத்தில் ஒன்று கூட்டும் கட்டளை இருந்தது. அடுத்து வர வேண்டிய கேள்வி, ‘மைனஸுக்குப் போய்விட்டதா?’ என்பது, இல்லை. தப்பாக மொழிபெயர்த்திருந்தால் தப்பான கட்டளையாவது இருந்திருக்கும். அந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை என்பது போல அடுத்த வேலைக்குப் போயிருந்தது.

விதிநூலை எடுத்தேன். குறியுள்ள எண்கள், அதாவது மைனஸும் ஆகக்கூடிய எண்கள், எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்ற இடத்துக்கு வந்தேன். பூஜ்யமாகும் என்று இல்லை, மைனஸாகும் என்றும் இல்லை. அப்படி நடந்தால் என்ன ஆகும் என்பது பற்றி இந்த நூல் எதையும் சொல்லவில்லை, எதையும் கேட்கவும் இல்லை என்ற பொருளில் முடித்துவிட்டிருந்தது. நான் சரியாகத்தான் படிக்கிறேனா என்று சந்தேகம். முன்னும் பின்னும் படித்தேன். அடிக்குறிப்பைப் படித்தேன். வாய்விட்டு மெதுவாகப் படித்தேன்.

அப்போதுதான் கம்பைலர் யோசித்தது எனக்குப் புரிந்தது. யோசித்தது என்று சொல்லலாமா தெரியவில்லை, வேறு சொல் கிடைக்கவில்லை. இந்தக் கடிகாரம் பூஜ்யத்தில் தொடங்குகிறது. ஒவ்வொன்றாகக் கூடுகிறது, எங்கேயும் குறைவதில்லை. எல்லையைத் தாண்டுகிற நிரலை விதிநூல் கணக்கிலேயே எடுக்காது, ஆகவே இதை எழுதியவர் தாண்டவிட மாட்டார். பூஜ்யத்திலிருந்து கூடிக்கொண்டே போவது மைனஸ் ஆகாது. அப்படியென்றால் இந்தக் கேள்விக்கு எப்போதும் இல்லை என்றுதான் பதில். பதில் தெரிந்த கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டு நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும்? எடுத்துவிடுவோம்.

பெட்டி தயாரா என்று பார்க்கும் பகுதி தனிக் கோப்பில் இருந்ததால், அங்கே இதே கணக்கைப் போட அதற்கு வழியில்லை, அந்தக் கேள்வி மட்டும் அப்படியே நின்றது. ஒரு தவறும் இல்லை. ஒவ்வொரு படியும் சரி. கடைசியில் வந்து சேரும் இடம் கத்தாத பெட்டி. பழைய கம்பைலர் இவ்வளவு தூரம் யோசிக்கவில்லை, சொன்னதைச் சொன்னபடி மாற்றிக் கொடுத்தது, அதனால் அந்த வரி பிழைத்திருந்தது. அதுவும் விதியை மீறவில்லை. விதிநூல் ஒன்றும் சொல்லாத இடத்தில் என்ன செய்தாலும் மீறல் ஆகாது. மூன்று கம்பைலர்களும் விதிநூலுக்கு முழு விசுவாசமாக இருந்துகொண்டே மூன்று விதமாக நடந்திருக்கின்றன. எவ்வளவு பெரிய ஒழுங்குக்குள் நான் இத்தனை வருடம் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்கிறேன் என்று தோன்றியது. கோயிலில் பெரிய திருப்பலியின்போது பின்வரிசையில் நிற்கும் சிறுபிள்ளையைப் போல் இருந்தேன்.

அன்று மாலை என் கணவர் வந்தார். பாசிர் பெனம்பாங்கிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு கோலா குபு பாரு வரை லோரி ஓட்டுகிறவர். வாசலிலேயே சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு, குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார், நோய்க்குப் பயந்து. சோறு போட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அவருக்கு நிரல் தெரியாது, சாலைத்தடுப்பு தெரியும்.

"எனக்கு தினம் நடக்கறதுதான மா," என்றார். "ஒரே அனுமதி லெட்டரு. ஒருத்தன் பாத்துட்டு போங்கறான். அடுத்தவன் சாப்பு குத்துன முத்திர எங்கங்கறான். ரூல் ஒண்ணுதான், நிக்கிற ஆளுதான் வேற."

"அது வேறங்க. அவங்களுக்கு வெயிலு, பசி, கோவம் எல்லாம் இருக்கு. இதுக்கு ஒண்ணும் கெடயாது. எழுதியிருந்தா அப்படியே செய்யுது. எழுதாத எடத்துலதான்..."

"எழுதாத எடமா? அப்ப இது. லெட்டருல மீனுன்னு இருக்கு. நான் மீனு மேல ஒரு ஆட்ட ஏத்திக்கிட்டுப் போனா? கூடாதுன்னு எங்கயும் எழுதல. ஒருத்தன் சிரிச்சிட்டு வுட்டுருவான். ஒருத்தன் லோரியையே புடிச்சி வெச்சிக்குவான்."

"ஒருத்தன் ஆட்ட எறக்கி வெட்டி பிரியாணி போட்டுருவான்," என்றார் அத்தை, பாப்பாவுக்கு ஏப்பம் வரட்டும் என்று முதுகைத் தடவிக்கொண்டே.

"அதேதான் அத்த. ஆட்டுக்கு என்ன நடந்தாலும் ரூல் மீறுனதாவாது."

"அப்ப ஆட்ட ஏத்தாம இருந்துருக்கணும்," என்றார் கணவர். "ஏத்துனது யாரு?"

மறுநாள் அக்காவை அழைத்து அதையே சொன்னேன். கம்பைலரில் பிழை இல்லை, நம் நிரலில்தான் பிழை, ஆரம்பத்திலிருந்தே. அவர் நம்பவில்லை. பக்கத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசி என்றார். வாசித்தேன்.

"அட கடவுளே," என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "நல்லவேள மெயில் போகல. அவன் இந்தப் பக்கத்த வெட்டி ஒட்டி அனுப்பி, அம்மா படிச்சிப் பாருங்கன்னு சொல்லியிருப்பான்."

சிரிப்பு நின்றதும் வேலைக்கு வந்தார். அந்தப் புதிய கம்பைலரில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. எண் எல்லையைத் தாண்டினால் சுற்றிக்கொள்ளும் என்று வைத்துக்கொள், தாண்டவே தாண்டாது என்ற அனுமானத்தைச் செய்யாதே என்று அதனிடம் சொல்லலாம். சொன்னால் நிரலைத் தொடவே வேண்டாம், பெட்டிகள் சொன்ன நாளில் போகும்.

"சுவிட்ச போடு, கையெழுத்த போடு, புள்ளைய பாரு," என்றார்.

எனக்கு எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. சரிக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு பாப்பாவின் துணியை மடித்துக்கொண்டே, அந்தச் சுவிட்ச் நிரலுக்கு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது என்று நினைத்தேன். நாளைக்கு வேறொருவர் வந்து, வேறு கம்பைலரை வாங்கி, சுவிட்சைப் போட மறந்தால்? அவர் என்னைப் போல் கடிகாரத்தைச் சுற்றவிட்டுப் பார்ப்பாரா? நான் மிகைப்படுத்துகிறேனா? அக்கா என்னைவிட அனுபவசாலி. ஒரு துணியை மூன்று தடவை மடித்திருந்தேன்.

மறுபடி அழைத்தேன்.

"என்னா, போட்டுட்டியா?"

"இல்லக்கா. நிரலையே மாத்திடலாம். கொஞ்சம் வரிதான். எல்லா சோதனையும் மறுபடி செய்யணும், அதுக்குத்தான் டைம் வேணும். பெட்டி கொஞ்சம் தாமதமா போகும்."

"கிளினிக்குல இருந்து எனக்குத்தான்டி போன் வரும், உனக்கா வரும்?"

"தெரியும்க்கா." மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டேன். "ஆனா சுவிட்ச மறந்துட்டாங்கன்னா கத்தாத பெட்டி போயிடும். யாருக்கும் தெரியாது. பாப்பாவுக்கு இந்த மாசம் ஊசிக்கா."

"உன்ன மாதிரி பயந்தாங்கொள்ளிய எவன்டி வேலைக்கு எடுத்தது," என்றார். அவர்தான் எடுத்தார். "சரி மாத்து. கிளினிக்க நான் சமாளிக்கிறேன். ஒழுங்கா மாத்து."

சி மொழியில் மைனஸே இல்லாத ஓர் எண்வகை உண்டு. அது எல்லையைத் தொட்டால் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும் என்று விதிநூல் தன் வாயாலேயே சொல்கிறது. கடிகாரத்தை அந்த வகைக்கு மாற்றினேன். தயாராகவில்லை என்பதற்குத் தனி அடையாளம் வைத்தேன். மூன்று கம்பைலர்களிலும் போட்டேன், நிதானமாகவும் வேகமாகவும். எல்லையைத் தாண்டவிட்டுக் கம்பியைத் தேநீருக்கு மாற்றினேன். பழையது கத்தியது. புதியது கத்தியது. மூன்றாவது இரண்டு விதத்திலும் கத்தியது. விதிநூல் பேசும் இடத்துக்கு ஓரடி நகர்ந்து வந்ததும் மூன்றும் மறுபடி ஒரே குரலில் பேசின. பெயர் தெரியாத அத்தனை மனிதர்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது போலிருந்தது எனக்கு. நான் அழுதேன் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பெட்டி கத்துனதுக்கு அழுவுது, கத்தலன்னாலும் அழுவுது என்று.

பெட்டிகள் தாமதமாகப் போயின, போன இடங்களில் வேலை செய்கின்றன.

பாப்பாவின் ஊசிக்குத் தாய்சேய் கிளினிக்குக்குப் போனபோது, ஊசி போடும் அறையில் குளிர்ப்பெட்டியின் மேல் எங்கள் பெட்டி இருந்தது. பழையது, பழைய கம்பைலரில் செய்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தமிழ்த் தாதி ஒருவர், மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம், பாப்பாவின் தொடையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸி, அந்தப் பெட்டி கத்துமா?"

"ஏன் கத்தாது? போன வாரம் கதவ சரியா சாத்தாம ஒருத்தி சாப்புடப் போயிட்டா, அடிச்சி ஊரையே கூட்டிடுச்சி. புள்ளைய கெட்டியா புடிங்க."

பாப்பா அழுதாள். நான் அவளைப் பார்க்காமல் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டிக்குள் இருப்பது விதிநூல் பொறுப்பெடுக்காத நிரல். ஆனால் அதற்குள் போனது பழைய கம்பைலர் மாற்றித் தந்த கட்டளைகள், அவை இனி மாறப்போவதில்லை. பல வருடமாக, எத்தனையோ முறை எல்லையைத் தாண்டி, ஒவ்வொரு முறையும் சரியாக நடந்திருக்கிறது.

இப்போது அவசரகாலம் முடிந்துவிட்டது. பழைய பெட்டிகளுக்குப் பராமரிப்புச் சுற்று ஒன்று தொடங்கப் போகிறார்கள். அவற்றையெல்லாம் திரும்ப வாங்கிப் புதிய நிரலைப் போடலாமா என்று மேலிடம் கேட்கிறது. நிரலை மாற்றியவள் நான் என்பதால் என் கருத்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். வேல செய்றத நோண்டாத லா என்கிறார் அக்கா. பெட்டியைக் கழற்றினால் திரும்ப மாட்டும் வரை அந்தக் குளிர்ப்பெட்டிக்குக் காவல் இல்லை, மாற்றுப் பெட்டிகளும் போதுமான அளவு இல்லை. பழைய பலகையில் என் நிரல் எல்லையைத் தாண்டியதெல்லாம் என் சமையலறையில்தான், நான் கடிகாரத்தைத் திருப்பி வைத்து. பழைய நிரல் உண்மையான வாரங்களைக் கடந்து வந்திருக்கிறது. மாற்றாமல் விட்டாலோ, அந்தப் பெட்டிகளுக்கென்று பழைய நிரலின் பிரதி எங்கோ ஒரு கணினியில் அப்படியே கிடக்கும். யாராவது ஒருநாள் பழுதுபார்க்கும்போது அதைப் புதிய கம்பைலரில் போட்டு ஏற்றிவிடலாம். அந்தப் பெட்டி சில வாரம் கத்தும், பிறகு கத்தாது.

ஒருநாள் வாங்கச் சொல்லி எழுதுகிறேன், மறுநாள் அழித்துவிட்டு இருக்கட்டும் என்று எழுதுகிறேன். இதைப் படிப்பவர்களில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இருக்கலாம், கிளினிக்கில் வேலை செய்பவர்கள் இருக்கலாம், கைக்குழந்தையோடு ஊசிக்கு வரிசையில் நிற்கும் தாய்மார்கள் நிச்சயம் இருப்பீர்கள். வேலை செய்துகொண்டிருக்கும் அந்தப் பெட்டிகளைத் திரும்ப வாங்கச் சொல்லவா, இருக்கிற இடத்திலேயே விடச் சொல்லவா? சுற்று தொடங்குவதற்குள் எனக்கு எழுதுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.